கடைசி ஆட்டின் ஈரல்

கோச்சடை, மதுரை
14.2.1982

அன்புள்ள அண்ணனுக்குத் தங்கை செல்லத்தாய் எழுதிக்கொண்டது. இங்கே நான் சுகம். ஊரில் அப்பா, அம்மா, பெரியப்பா எல்லோரும் சுகம். நாக்பூர்க் குளிர் குறைந்ததா? அண்ணிக்கும் சின்னவன் மருதுவுக்கும் இருமல் விட்டதா?

நீங்கள் என்னை விளாங்குடி ஆய்வுக்கூடத்தில் கொண்டுவந்து சேர்த்து நான்கு வருடம் முடிந்துவிட்டது. நீங்கள் உட்கார்ந்த அதே நொண்டி ஸ்டூலில்தான் நானும் உட்கார்ந்திருக்கிறேன். உங்கள் கட்டுரையை வைத்தியலிங்கம் சார் கண்ணாடி போட்டு அறையில் மாட்டியிருக்கிறார். யார் வந்தாலும், “வெள்ளாட்டு ஈரல் செல்லு அட்ரினலினுக்கு மந்தமாத்தான் பதில் சொல்லும். அதை மொதல்ல சொன்னது நம்ம காளைதான்” என்று ஆரம்பித்துவிடுவார். நான் உங்கள் சித்தப்பா மகள் என்பதையும் கூடவே சொல்லுவார். எனக்குக் கொஞ்சம் பெருமையாகத்தான் இருக்கும்.

இப்போது ஒரு சிக்கல். அட்ரினலினை இரண்டு சொட்டு விட்டால் செல்லுக்குள் தகவல் போய், அது சேர்த்து வைத்திருக்கிற சர்க்கரையை வெளியே விட வேண்டும். எலி ஈரல் நிறைய விடும், ஆட்டு ஈரல் கொஞ்சமாக விடும் என்பது உங்கள் ஆய்வு. ஏன் கொஞ்சமாக விடுகிறது என்பது என் ஆய்வு. ஆனால் மாதத்தில் இரண்டு மூன்று நாள் என் ஆட்டு ஈரல் எலியையே தோற்கடித்துவிடுகிறது. மந்தமாக இருந்தால்தானே அண்ணே, ஏன் மந்தம் என்று நான் பார்க்க முடியும்? சர்க்கரையை அளக்கிற கலரிமீட்டர்தான் கெட்டுவிட்டது என்று இரண்டு முறை கழற்றிப் பார்த்தாயிற்று. அதில் குற்றமில்லை.

டிசம்பரோடு டாக்டர் பட்டத்துக்கான என் பதிவு முடிகிறது. அதற்குள் ஆய்வேடு போகவில்லை என்றால் வழிகாட்டியான சார் தயவில்தான் நீட்டிக்க வேண்டும். அதனால் கேட்கிறேன். நீங்கள் எந்தக் கடையில் ஈரல் வாங்கினீர்கள், காலையில் எத்தனை மணிக்கு, எத்தனையாவது ஆட்டினுடையது? ஞாபகம் இருப்பதை எழுதுங்கள்.

அப்பா போன வாரம் வந்திருந்தார். “நாலு வருசமா ஈரலை அறுக்குறியே, ஒரு நாளாச்சும் எங்களுக்கு வறுத்துக் குடுத்தியா?” என்று கேட்டுவிட்டுப் போனார்.

அன்புத் தங்கை,
செல்லத்தாய்


நாக்பூர்
27.2.1982

அன்புத் தங்கச்சிக்குக் காளை எழுதுவது. உன் கடிதம் கிடைத்து அண்ணியும் நானும் மாறி மாறிப் படித்தோம். எல்லோருக்கும் உடம்பு தேவலை. மருது இப்போது இந்தியில் சண்டை போடுகிறான், அண்ணி தமிழில் அடிக்கிறாள்.

இங்கே என்னை மராத்திக்காரன் என்றே முடிவுகட்டிவிட்டார்கள். கல்லூரியில் நான் ‘காளே சாகேப்’. முதலில் திருத்திப் பார்த்தேன், அப்புறம் விட்டுவிட்டேன். இந்த வருடக் கடைசியில் துறைத் தலைவர் பதவி எனக்கு வரும் போலிருக்கிறது. சித்தப்பாவிடம் சொல், சந்தோஷப்படுவார். அந்த நொண்டி ஸ்டூலுக்குக் கீழே நான்தான் பாட்டில் மூடி ஒன்றைச் செருகி வைத்திருந்தேன், விழுந்துவிட்டதா? வைகையில் தண்ணீர் வந்ததா?

வேலையைப் பொறுத்தவரை, ஐஸ் நல்ல ஐஸாக இருக்கட்டும். பாத்திரங்களை இரண்டு முறை கழுவு. உடம்பைப் பார்த்துக்கொள். நேரத்துக்குச் சாப்பிடு.

ஆசிகளுடன்,
காளை


கோச்சடை
21.3.1982

அன்புள்ள அண்ணனுக்கு, இங்கே அனைவரும் நலம், அங்கே உங்கள் மூவர் நலமும் நாடுகிறேன். துறைத் தலைவர் செய்தியைச் சொன்னதும் அப்பா தெருவெல்லாம் சொல்லிவிட்டார்.

ஐஸில் ஒன்றுமில்லை. ஆட்டில் இருக்கிறது.

விளாங்குடியில் கறிக்கடை வைத்திருக்கிறாரே சோணைமுத்து அண்ணன், அவரிடம்தான் வாங்குகிறேன். ஞாயிற்றுக்கிழமை என்றால் ஆறு ஏழு ஆடுகளை வரிசையாகக் கட்டி, ஒன்றன் பின் ஒன்றாக வெட்டுவார். முதல் ஆடுகளின் ஈரலுக்கு வீடுகளில் முன்னாடியே சொல்லி வைத்திருப்பார்கள். பிள்ளைத்தாய்ச்சிக்கு, சோகை பிடித்த குழந்தைக்கு என்று போய்விடும். ஆய்வுக்கூடத்துக்கு எப்போதும் கடைசி ஆட்டினுடையதுதான். நாமும் கேள்வி கேட்காமல் வாங்கிக்கொண்டு வருகிறோம்.

போன புதன்கிழமை ஒரே ஒரு ஆடு. அன்றைக்கு எண்கள் மூன்று மடங்கு. உடனே பழைய நோட்டைப் புரட்டினேன். எண்கள் துள்ளிய நாளெல்லாம் ஒற்றை ஆட்டு நாள், அல்லது முதல் ஆடு தவறி நமக்கு வந்த நாள். சோணைமுத்து அண்ணனிடம் கேட்டால், “ஏம்மா, கடைசியில நிக்கிற ஆடு முன்னாடி விழுகுற அம்புட்டையும் பாத்துக்கிட்டுல்ல நிக்கிது? வெடவெடன்னு நடுங்கும். இம்புட்டுப் படிச்சிருக்கீக, இது தெரியாதா?” என்கிறார்.

அண்ணே, பயத்தில் ஆட்டின் உடம்பிலேயே அட்ரினலின் ஒரு மணி நேரமாகச் சுரந்து, ஈரல் இருக்கிற சர்க்கரையையெல்லாம் கொட்டித் தீர்த்துவிட்டது. அதற்குப் பிறகு நாம் போய் இரண்டு சொட்டு விட்டால் அது எதைக் கொடுக்கும்? மந்தம் ஆட்டின் குணம் இல்லை என்றுதான் தோன்றுகிறது. உங்களுக்கு வந்ததும் கடைசி ஆடுதானா? இந்த ஒன்றை மட்டும் மறக்காமல் எழுதுங்கள்.

செல்லத்தாய்


நாக்பூர்
2.5.1982

தங்கச்சிக்கு. தாமதத்துக்குக் கோபித்துக்கொள்ளாதே. தேர்வுத்தாள் திருத்தும் வேலை. வெயில் நூற்றுப் பதின்மூன்று. எல்லோரும் ஏதோ இருக்கிறோம்.

உனக்கு ஒன்று சொல்கிறேன், அண்ணன் சொல்கிறேன் என்று கேள். ஆய்வு என்பது முடிக்கத் தெரிய வேண்டிய வேலை. போகிற வழியில் பத்துச் சந்து தெரியும். ஒவ்வொன்றிலும் நுழைந்துகொண்டிருந்தால் பட்டம் வாங்க முடியாது. துள்ளுகிற எண்களை விட்டுவிட்டு மற்றதை வைத்து எழுது. சாரும் அதைத்தான் சொல்லுவார். நம் குடும்பத்தில் பெண்பிள்ளை இவ்வளவு தூரம் வந்ததே பெரிது. அதைக் கெடுத்துக்கொள்ளாதே.

மருதுவைப் பள்ளியில் சேர்த்தாயிற்று.

காளை


கோச்சடை
16.5.1982

அன்புள்ள அண்ணனுக்கு வணக்கம். வெயில் இங்கேயும் அதே வெயில்தான், மின்வெட்டு கூடுதல். மருது பள்ளிக்கூடம் போகிற படம் இருந்தால் அனுப்புங்கள், அம்மா கேட்கிறாள்.

கோபப்படாதீர்கள், நான் சந்துக்குள் நுழைந்துவிட்டேன். நுழைந்து மறுபக்கம் வெளியேயும் வந்துவிட்டேன்!

எட்டு ஞாயிற்றுக்கிழமை சோணைமுத்து அண்ணன் காலைப் பிடிக்காத குறையாகக் கெஞ்சி, ஒரு ஆட்டை மட்டும் கடைக்குப் பின்னால் சுவருக்கு அந்தப் பக்கம் தூரமாகக் கட்டச் சொன்னேன். அதற்கு மற்ற ஆடுகள் விழுவது தெரியாது, ரத்த வாடையும் போகாது. அதையும் கடைசியாகத்தான் வெட்டினார். எட்டு வாரமும் அதன் ஈரல் முதல் ஆட்டைப் போலவே பதில் சொன்னது. வரிசையில் நின்ற கடைசி ஆடு எட்டு வாரமும் மந்தம். அதே சந்தை, அதே தீவனம், அதே நேரம், அதே கத்தி. பார்த்ததும் பார்க்காததும் மட்டும்தான் வித்தியாசம். எட்டாவது வாரம் கணக்குப் போட்டு முடித்ததும் எனக்கு அழுகை வந்துவிட்டது. இப்படி ஒன்றை என் கையால் கண்டுபிடிப்பேன் என்று நினைக்கவே இல்லை.

உங்கள் மேல் எனக்குத் துளி வருத்தம் இல்லை அண்ணே. நீங்கள் ஏன் கடைசியில் போனீர்கள் என்று எனக்குத் தெரியும். ஊர்க் கோயிலில் கிடாய்க்குத் தண்ணீர் தெளித்து, அது உடம்பைச் சிலுப்புகிற வரைக்கும் எல்லோரும் காத்து நிற்பார்களே, அந்த நேரத்தில் நீங்கள் கம்மாய்க் கரைக்கு ஓடிவிடுவீர்கள். ‘பயந்தாங்கொள்ளி’ என்று பெரியப்பா ஊர் முன்னால் திட்டுவார். கடையிலும் வெட்டுவதைப் பார்க்க முடியாமல், எல்லாம் அடங்கிய பிறகு போயிருப்பீர்கள். இளகின மனசு உள்ளவருக்கு வரக்கூடிய தவறுதான் இது. தெரியாமல் நடந்தது.

ஒரே ஒரு வரி எழுதிக் கொடுங்கள். ‘என் ஆய்வில் பயன்பட்டவை வரிசையில் கடைசியாக வெட்டப்பட்ட ஆடுகளின் ஈரல்கள்.’ அந்த ஒரு வரி இருந்தால் உங்கள் எண்களும் சரி, என் எண்களும் சரி என்று ஆகிவிடும். இரண்டு பேரும் தப்பித்துக்கொள்ளலாம்.

அன்புத் தங்கை,
செல்லத்தாய்


கோச்சடை
4.7.1982

அண்ணனுக்கு. ஏழு வாரமாகக் கடிதம் இல்லை. உடம்புக்கு ஒன்றுமில்லையே?

சாரிடம் அட்டவணையைக் காட்டினேன். வெகுநேரம் பார்த்தார். பிறகு கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே, “செல்லத்தாய், கசாப்புக் கடைக்காரர் சொல்றதுக்கெல்லாம் டாக்டர் பட்டம் குடுக்க முடியுமா?” என்று சிரித்தார். மறுநாளிலிருந்து கலரிமீட்டர் அறைச் சாவி அவருடைய டிராயரில். தினமும் போய், எதற்கு, எவ்வளவு நேரம் என்று சொல்லி வாங்க வேண்டும். கூடப் படிக்கிறவர்கள் என்னோடு டீ குடிக்கப் பயப்படுகிறார்கள்.

அந்த அறைக்கு ஒரே ஜன்னல், அதைத் திறந்தால் பக்கத்துக் கட்டடத்துச் சுவர். முன்பு இது என் கண்ணில் பட்டதே இல்லை. இப்போது மூச்சு முட்டுகிறது. விட்டுவிட்டுப் போகலாம் என்றால் நான்கரை வருடம் இந்த அறைக்குள் கிடக்கிறது. வேறு ஊரில் வேறு ஒருவரிடம் சேரலாம் என்றால் அதற்கும் சாரின் கடிதம் வேண்டும்.

ஒரு வரி, அண்ணே.

செல்லத்தாய்


நாக்பூர்
20.7.1982

தங்கச்சிக்கு. நலம், நலமறிய ஆவல். மருதுவுக்குப் பத்து நாளாகக் காய்ச்சல், இப்போதுதான் கஞ்சி குடிக்கிறான். அண்ணிக்கும் அலைச்சல். இங்கே நல்ல மழை, வீட்டில் இரண்டு இடத்தில் ஒழுகுகிறது. துறைத் தலைவர் நேர்முகம் நவம்பரில்.

சார் எனக்கும் எழுதியிருந்தார்.

வேறு விசேஷம் இல்லை. பெரியவர்களுக்கு என் வணக்கம்.

காளை


கோச்சடை
22.8.1982

அன்புள்ள அண்ணனுக்கு. மருது தேறிவிட்டானா? இளநீர் கிடைத்தால் கொடுக்கச் சொல்லுங்கள்.

ஆய்வேடு தட்டச்சாகி பைண்டிங்கும் ஆகிவிட்டது. சுவருக்குப் பின்னால் கட்டிய ஆடுகளின் அட்டவணை உள்ளேதான் இருக்கிறது, பக்கம் 112. கையெழுத்துப் போடவே மாட்டார் என்று நினைத்தேன். சார் மறுபேச்சில்லாமல் போட்டுவிட்டார்.

“இதை மதிப்பிட யாரைப் போட்டிருக்கேன் தெரியுமா? நம்ம காளையைத்தான். அவன் கட்டுரை, அவனே தப்புன்னு சொல்லட்டும். நான் எதுக்குக் குறுக்க நிக்கணும்?” என்றார்.

“சொந்தக்காரர் மதிப்பிடலாமா சார்?” என்று கேட்டேன்.

“ரெண்டு பேருக்கும் இனிஷியல் வேற வேறதானே? உனக்கு அண்ணன்கிட்ட நம்பிக்கை இல்லையா?”

அவர் எதற்காக இதைச் செய்கிறார் என்று எனக்குத் தெரியாமல் இல்லை. உங்களால் சொல்ல முடியாது என்று நம்பித்தான் செய்கிறார். ஆனால் எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. அந்த எண்களைப் பார்த்ததும் புரிந்துகொள்ளக்கூடிய ஆள் இந்த நாட்டில் நீங்கள் ஒருவர்தான். மதிப்பிடுகிறவருக்கு மாணவி கடிதம் எழுதக் கூடாது. அதனால் முடிவு தெரியும் வரை எழுத மாட்டேன். அண்ணியிடம் சொல்லிவிடுங்கள், வருத்தப்படப் போகிறார்.

செல்லத்தாய்


நாக்பூர்
30.9.1982

தங்கச்சிக்கு. எல்லோரும் நலம்.

உன் ஆய்வேடு ரிஜிஸ்டர் தபாலில் வந்தது. திருப்பி அனுப்பிவிட்டேன். ‘ஆய்வாளர் என் சித்தப்பா மகள். நெருங்கிய உறவினரின் ஆய்வேட்டை நான் மதிப்பிடுவது விதிகளுக்குப் புறம்பானது’ என்று எழுதியிருக்கிறேன். பல்கலைக்கழகத்திலிருந்து பாராட்டிக் கடிதம் வந்திருக்கிறது, இப்படி நேர்மையாகச் சொல்லுகிறவர்கள் குறைவாம்.

வேறு யாருக்காவது அனுப்புவார்கள். நல்லபடியாக முடியும். கவலைப்படாதே.

காளை


கோச்சடை
5.12.1982

அண்ணனுக்கு. எல்லோரும் சுகம் என்று நம்புகிறேன்.

வேறு ஒருவருக்கு அனுப்பினார்கள். அவர் எழுதியதை அப்படியே தருகிறேன். ‘அச்சான கட்டுரைக்கு முரணாக உள்ளது. முந்தைய ஆய்வில் ஈரல் எப்படிப் பெறப்பட்டது என்பதற்குச் சான்று ஏதும் இல்லை. முரண்பாட்டை விளக்கும் வகையில் சோதனைகளை மீண்டும் செய்க.’ என் பதிவை இரண்டு வருடம் நீட்டித்திருக்கிறார்கள். அதே சார், அதே அறை, அதே டிராயர்ச் சாவி.

திருப்பி அனுப்பும் முன் பக்கம் 112-ஐப் பார்த்தீர்களா? பிரிக்கவே இல்லையா?

நீங்கள் என் அண்ணன் என்று எழுதிக் கொடுத்தது உண்மைதான். இந்த விஷயத்தில் நீங்கள் எழுதிய ஒரே உண்மை அதுதான். அதை வைத்து என் வாசலை அடைத்துவிட்டீர்கள்.

செல்லத்தாய்


நாக்பூர்
19.12.1982

செல்லத்தாய்க்கு,

நலம் விசாரிக்க எனக்கு முகம் இல்லை.

பக்கம் 112-ஐப் பார்த்தேன். இரண்டு நாள் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

1976 ஆடி மாதம் ஒரு நாள், நல்ல மழை. கடையில் ஒரே ஒரு ஆடு. எனக்கும் மூன்று மடங்கு வந்தது. சாரிடம் ஓடினேன். “ஐஸ் போட மறந்திருப்பே” என்றார். அடுத்த நான்கு வாரம் விடியும் முன்னே போய், நின்று, கண்ணால் பார்த்து, முதல் ஆட்டின் ஈரலை வாங்கி வந்தேன். நான்கு முறையும் அதே மூன்று மடங்கு. அதற்குள் சார் கட்டுரையை அனுப்பிவிட்டிருந்தார். “காளை, உனக்குப் பட்டம் வேணுமா, வேண்டாமா?” என்று ஒரே ஒரு தடவைதான் கேட்டார்.

அந்த ஐந்து பக்கங்களை நோட்டிலிருந்து கிழித்தேன். அதற்குப் பிறகு கடைசியாகப் போக ஆரம்பித்தேன். எண்கள் மந்தமாக வர வேண்டும் என்பதற்காக, தெரிந்தே போனேன். நீ இளகின மனசு என்று எழுதியிருந்தாய். உன் மே மாதக் கடிதத்தில் அந்த வரியைப் படித்த பிறகு இரண்டு மாதம் பேனாவைத் தொட முடியவில்லை. நீ திட்டியிருந்தால் அன்றைக்கே பதில் எழுதியிருப்பேன்.

ஐந்து பக்கங்களும் இருக்கின்றன. டிரங்குப் பெட்டியில், அண்ணியின் கல்யாணச் சேலைக்கு அடியில். எரிக்க முடியவில்லை, காட்டவும் முடியவில்லை. போன மாதம் துறைத் தலைவர் ஆகிவிட்டேன். இந்தப் பட்டத்தின் மேல்தான் வீடு, மருதுவின் பள்ளிக்கூடம், ஊரில் அப்பாவின் தலைநிமிர்வு எல்லாம் நிற்கிறது. இதிலிருந்து எப்படி வெளியே வருவது என்று எனக்குத் தெரியவில்லை தாயி.

உன் மனசு ஆறுவதற்காக எழுதினேன். படித்ததும் கிழித்துவிடு.

காளை


கோச்சடை
2.1.1983

அன்புள்ள அண்ணனுக்கு. நான் நலம். அண்ணியையும் மருதுவையும் கேட்டதாகச் சொல்லுங்கள். உங்கள் உடம்பையும் பார்த்துக்கொள்ளுங்கள், இதை நிஜமாகவே சொல்கிறேன்.

கடிதத்தைப் படித்தேன். முதலில் ஆத்திரம் வந்தது. அப்புறம், விடியும் முன்னே தனியாகப் போய் நின்று அந்த நான்கு ஆடுகளை நீங்கள் கண்ணால் பார்த்ததை நினைத்து அழுதேன். ஊர்க் கோயிலில் நிற்க முடியாதவர் அங்கே நின்றிருக்கிறீர்கள். அவ்வளவு தூரம் வந்துவிட்டுத் திரும்பிப் போய்விட்டீர்களே அண்ணே.

கிழிக்கவில்லை. சாரிடமும் பல்கலைக்கழகத்திலும் காட்டவில்லை. காட்டினால் இந்த மாதமே எனக்குப் பட்டம் கிடைத்துவிடும் என்று தெரியும். இரண்டு நாள் பையில் வைத்துக்கொண்டு அலுவலக வாசல் வரை போயும் வந்தேன். நான் காட்டினால், அண்ணனைக் காட்டிக்கொடுத்தவள் என்ற பேரோடு அது முடிந்துவிடும். நீங்கள் ஒன்றும் சொல்லாதவராகவே இருந்துவிடுவீர்கள். அது எனக்கு வேண்டாம்.

திங்கட்கிழமையிலிருந்து திரும்பத் தொடங்குகிறேன். சோணைமுத்து அண்ணனிடம் பேசியாயிற்று. “மறுபடியும் மொதல்ல இருந்தா? சரி வாங்க, ஆட்டுக்கா பஞ்சம்?” என்றார். இந்த முறை நாற்பது ஆடு. யாருடைய ஒரு வரியும் தேவைப்படாத அளவுக்குச் செய்யப் போகிறேன். அதற்கு இரண்டு வருடமும் போய்விடும். தினமும் காலையில் போய் அந்தச் சாவியைக் கேட்டு நிற்க வேண்டும். வேறு வழி தெரியவில்லை.

உங்கள் கடிதத்தை இத்துடன் திருப்பி அனுப்பியிருக்கிறேன். கூடவே ஒரு பெரிய உறையும் இருக்கிறது. கடிதமும் அந்த ஐந்து பக்கங்களும் சேர்ந்தால் எம்புட்டு எடை வரும் என்று தெரியாததால், தபால் தலை கூடுதலாகவே ஒட்டியிருக்கிறேன். அனுப்புநர் இடத்தில் உங்கள் பெயரை எழுதிவிட்டேன். காளே இல்லை, காளை.

பெறுநர் முகவரியை மட்டும் எழுதவில்லை. அதை நீங்கள் எழுதுங்கள்.

அன்புத் தங்கை,
செல்லத்தாய்